மணி யார் கையில் அடிக்க வேண்டும்

புதிதாகக் கவுண்டரில் நிற்கப்போகும் உங்களுக்கு,

பாளையங்கோட்டையில் செல்போன் விற்பதும் பழுது பார்ப்பதுமான ஒரு கடையில் என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவள் நான். கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டேன். திரை மாற்றுவது, பேட்டரி பார்ப்பது, மறந்துபோன கணக்கை மீட்பது எல்லாவற்றையும் உள்ளே பெஞ்சில் இருப்பவர்கள் உங்களுக்குக் கற்றுத்தருவார்கள். அதில் நான் தலையிடப் போவதில்லை. கவுண்டரில் நிற்பவர் மட்டுமே எடுக்க வேண்டிய ஒரு முடிவைப் பற்றி எழுதுகிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். இதில் வரும் பேச்சுகள் அன்றன்றைக்கு எழுதி வைத்தவை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பள்ளி திறக்கும் மாதத்தில் பெற்றோர்கள் கூட்டமாக வருவார்கள். கேள்வி ஒன்றுதான்: "அக்கா, புள்ள போன்ல என்ன பண்ணுதான்னு எனக்குத் தெரியணும். நல்ல ஆப் ஒண்ணு ஏத்திக் குடுங்க." எந்தக் குக்கர் நல்லது என்று கேட்கும் அதே குரலில் கேட்பார்கள். நாமும் குக்கர் விற்பதுபோல ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம். எனக்கு அப்படிச் சொல்ல வராது. கடையில் கிடந்த பழைய போன்கள் இரண்டை எடுத்து, ஒன்று பிள்ளையின் போன், மற்றது பெற்றோரின் போன் என்று வைத்துக்கொண்டு, சந்தைக்கு வரும் கண்காணிப்புச் செயலி ஒவ்வொன்றையும் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பேன். பிள்ளையின் போனில் ஆபத்தான பேச்சு வந்தால் பெற்றோரின் போனுக்கு ஓர் எச்சரிக்கை வரும். கடையில் அதை 'மணி' என்று சொல்வோம்.

இந்தச் சோதனையில் வேடிக்கைகள் உண்டு. சர்ச்சில் பாடல் குழுவில் பாடும் ஒரு பையனின் போனில் ஞாயிறு தவறாமல் மணி அடித்தது. அவன் அம்மா பயந்துபோய் ஓடிவந்தார். பார்த்தால், பாடல் வரியில் 'இரத்தம்' என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்திருக்கிறது. அதே செயலியில், "போட்டோ அனுப்பு, யார்ட்டயும் சொல்லாத" என்பதை நம் பிள்ளைகள் எழுதுவதுபோல ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. பாட்டுக்கு அடிக்கிறது, திருடனுக்கு அடிக்கவில்லை. ஆகவே நம் ஊர்ப் பேச்சைக் கொண்டு சோதிக்காமல் எதையும் யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை எனக்குத் தெரியவைத்தது ஒரு தாயும் மகளும். அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

ஒரு வேலைநாள், காலை வெயில் ஏறிவிட்ட நேரம். ஓர் அம்மா வந்து போனைக் கவுண்டரில் வைத்தார்.

"அக்கா, இதுல இருக்கத எல்லாம் அழிச்சிருங்க. புதுசு மாதிரி ஆக்கிக் குடுங்க."

என் பக்கத்தில் இருந்த கணேசன் போனைக் கையில் எடுத்துவிட்டார். பெஞ்சில் அவரைவிட வேகமான கை எங்கள் கடையில் இல்லை. "ஃபார்மட்டா? எதுத்தாப்ல ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க மைனி, முடிஞ்சிரும்."

"என்ன பிரச்சனை?" என்று நான் கேட்டேன்.

"ஹேங் ஆகுது."

"ஹேங் ஆகல" என்றது ஒரு குரல். அம்மாவுக்குப் பின்னால் பள்ளிச் சீருடையில், பையோடு, தரையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள்.

"நீ பேசாம இருட்டீ" என்றார் அம்மா.

போன் புதியது. திரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஹேங் ஆகிற போனுக்காகப் பள்ளி நேரத்தில் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு யாரும் கடைக்கு வருவதில்லை. அந்த அம்மா வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கணேசனிடம் கையை நீட்டினேன்.

"கொஞ்சம் தாங்க. விவரம் பாக்கணும்."

"அழிக்கப்போற போனுக்கு என்ன விவரம்? ஜாதகம் பாக்கியளோ?"

"ஆமா, பொருத்தம் பாக்கேன். தாங்க."

அவர் சிரித்துக்கொண்டே தந்துவிட்டார். இருவரையும் உள்ளே, போன் உறைகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு அம்மாவே சொல்லத் தொடங்கினார்.

அவர் பெயர் சகாயமேரி. மகள் அனிட்டா, பதினொன்றாம் வகுப்பு. சொந்த ஊர் கடற்கரையில். பிள்ளைகளின் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடெடுத்துத் தாய்மார்கள் தங்குவதும், தகப்பன்மார்கள் கப்பலுக்குப் போய்ப் பணம் அனுப்புவதும் அந்த ஊர்களில் வழக்கம். அனிட்டாவின் அப்பாவுக்கு ஒரு சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை. போன விடுமுறையில் மகளுக்குப் போன் வாங்கிக் கொடுத்தவர், அதில் ஒரு கண்காணிப்புச் செயலியை மறைவாக ஏற்றியிருக்கிறார். மகளுக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. எச்சரிக்கை எல்லாம் அவருடைய எண்ணுக்கு. அந்த வீட்டில் கேஸ் இணைப்பு, பேங்க் செய்தி, பள்ளிக்கூடச் செய்தி எல்லாமே அவர் எண்ணில்தான். அதனால் இதையும் யோசிக்காமல் தன் எண்ணிலேயே போட்டுவிட்டார். ஆனால் கப்பல் கரையை விட்டுவிட்டால் அவர் போனுக்கு எதுவும் வராது. அன்று காலை கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொட்டிருக்கிறது. வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்த எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கின்றன.

சகாயமேரி தன் போனில் வந்த குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார்.

"ஏட்டீ, என்னட்டீ நடக்கு அங்க? போன்ல இருக்கத எல்லாத்தையும் அழி. படிச்சது போதும். அவள ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு, வீட்டக் காலி பண்ணிட்டு ஊரு போய்ச் சேருங்க. இன்னைக்கே."

நடந்ததை அனிட்டாவிடம் கேட்டேன். சில வாக்கியங்களில் சொன்னாள். அவள் படம் வரைகிறவள். வரைந்தவற்றை இணையத்தில் ஒரு குழுவில் போடுவாள். அங்கே தன் வயதுப் பெண் என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆள் பழகியிருக்கிறான். மாதக்கணக்கில் ஓவியத்தைப் பற்றித்தான் பேச்சு. ஒரு நாள் அவள் தன் முகப்படத்தை அனுப்பியிருக்கிறாள். அந்த முகத்தை வெட்டி வேறொரு அசிங்கமான படத்தில் ஒட்டி அவளுக்கே அனுப்பிவிட்டு, வீடியோவில் தனியாக வரவேண்டும், வராவிட்டால் வகுப்புக் குழுவில் போட்டுவிடுவேன் என்று மிரட்டத் தொடங்கியிருக்கிறான். அன்று மாலை வரை கெடு.

"எங்கிட்ட ஏன்டீ சொல்லல?" என்றார் அம்மா.

"சொன்னா நீ அப்பாட்ட சொல்லிருவ."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லுவ."

சகாயமேரி மகளின் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "சொல்லித்தான் இருப்பேன்" என்றார்.

இளையவர்களே, இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். போன் அவர்களுடையது. அழிக்கச் சொல்லும் உரிமையும் அவர்களுடையது. கடைக்காரர்கள் நாம். கணேசனின் கையில் விட்டிருந்தால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்திருக்கும், அவர்களும் நன்றி சொல்லிப் போயிருப்பார்கள். ஆனால் படம் அந்த ஆளிடம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது அவன் எழுதிய மிரட்டலும் அவனுடைய கணக்கின் அடையாளமும்தான். அழித்தால் போவது இவைதான். ஊருக்குப் போனால் போவது பிள்ளையின் படிப்பு. இரண்டிலும் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இதை அப்படியே சகாயமேரியிடம் சொன்னேன்.

"அப்போ அவிய சொன்னதச் செய்யாண்டாமா?"

"முடிவு உங்களுது. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். அழிக்காதத எப்ப வேணும்னாலும் அழிச்சுக்கிடலாம். அழிச்சதத் திருப்பிக் கொண்டாற எனக்குத் தெரியாது."

அவர் மகளைப் பார்த்தார். "சரி, அழிக்காண்டாம்" என்றார். கணவர் சொல்லைத் தள்ளி வைப்பது அவருக்கு எவ்வளவு பாரம் என்பது, புடவைத் தலைப்பை அவர் முறுக்கிய முறுக்கலில் தெரிந்தது.

குழந்தைகளுக்கான உதவி எண்ணை அழைத்தோம். அவர்கள் சைபர் குற்றப் பிரிவில் ஒரு பெண் காவலரோடு இணைத்தார்கள். அவர் குரலில் பதற்றமே இல்லை. "எதையும் அழிச்சிராதீங்க. அவனுக்குப் பதில் போடாதீங்க. வந்த செய்தியெல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிக்கிட்டு, போனோட நேரா இங்க வாங்க. பாப்பா, நீ தப்பு ஒண்ணும் பண்ணலம்மா, கேட்டியா?" என்றார். கடைசி வாக்கியத்துக்குப் பிறகுதான் அனிட்டா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

நாங்கள் செய்திகளைச் சேமித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் அழைப்பு வந்தது. சகாயமேரி எடுக்கத் தயங்கி என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யாரு பேசுதது?"

"செல்போன் கடையில இருந்து பேசுதேன் அண்ணாச்சி."

"அழிச்சாச்சா?"

"இல்ல."

"ஏன்? கூடத் துட்டு வேணுமா?"

"வேண்டாம். நீங்க போட்ட ஆப் நல்லாத்தான் வேல செஞ்சிருக்கு. அவன் மிரட்டுன அன்னைக்கே மணி அடிச்சிருக்கு. நடுக்கடல்ல அடிச்சிருக்கு. புள்ள ரூம்ல அழுதுகிட்டு இருந்திருக்கா, அம்மா அடுப்படில இருந்திருக்காவ. ரெண்டு பேருக்கும் கேக்கல. அம்மா நம்பர்ல போட்டிருந்தா அன்னைக்கே கேட்டிருக்கும்."

மறுமுனையில் ஏதோ பாரம் தூக்கும் இயந்திரத்தின் ஓசை கேட்டது. அதை மீறிக் குரலை உயர்த்தி அவர், "அவளுக்கு என்ன தெரியும்னு அவ நம்பர்ல போடச் சொல்லுதிய?" என்றார்.

சகாயமேரி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"தெரியுமா தெரியாதான்னு நீங்க ஒரு நாளாவது கேட்டியளா? புயல்னா ஓட்டுக்குக் கயிறு கட்டுனது யாரு? புள்ளைக்குக் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனது யாரு? இதுக்கு மட்டும் நான் ஆக மாட்டனா? போலீசுக்குப் போறோம். அழிக்கல. ஊருக்கும் போகல."

மறுமுனையில் அப்பா கேட்டார்: "புள்ள அங்கன இருக்காளா?"

"இருக்கா."

"அவட்ட குடு."

அனிட்டா போனைக் காதில் வைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மக்களே" என்று மகளை அழைத்தார் அப்பா. பிறகு, "சாப்ட்டியா?" என்றார்.

அவள் அழுத அழுகையில் கணேசன் கவுண்டரை விட்டு எழுந்து வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் போய் ஆட்டோ பிடித்து வந்தார். நானும் அவர்களோடு போனேன்.

காவலர்கள் முதலில் வகுப்பு ஆசிரியையை அழைத்து விவரம் சொன்னார்கள். மாலைக்குள் வகுப்புக் குழுவில் யாரும் எதையும் போட முடியாதபடி ஆசிரியை பூட்டி வைத்துவிட்டார். அந்த ஆளின் கணக்கு முடக்கப்பட்டது. கெடு சொன்ன மாலை வந்தது, போனது. படம் எங்கும் வரவில்லை. ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், அவன் வேறு பிள்ளைகளிடமும் இதையே செய்திருக்கிறான் என்றும் பின்னர் தெரிந்தது. வழக்கு விவரங்களை நான் எழுதுவது முறையல்ல. அனிட்டா மறுநாளே பள்ளிக்குப் போனாள். அது என் நாட்குறிப்பில் இருக்கிறது.

அந்த வாரமே தாயும் மகளும் மறுபடி வந்தார்கள். இந்த முறை புதிய செயலி வேண்டும் என்று கேட்டவர் சகாயமேரி. "எனக்குத் தெரியணும் அக்கா. ஆனா எது நல்லதுன்னு நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. மூன்று வகைச் செயலிகளை எடுத்து, என் சோதனைப் போன்களில் இருவருக்கும் ஓட்டிக் காட்டினேன்.

முதல் வகை, அப்பா போட்டது போன்றது. மறைந்திருந்து எல்லாவற்றையும் பெற்றோருக்குக் காட்டும். அனிட்டா அதைப் பார்த்துவிட்டு, "இது இருக்குன்னு தெரிஞ்சா, நான் ஃபிரெண்ட் போன்ல பேசிக்கிடுவேன்" என்றாள்.

"கேட்டியளா அக்கா? எம்மூஞ்சிக்கு நேராவே சொல்லுதா!"

"நேரா சொல்லுதாளேன்னு சந்தோசப்படுங்க" என்றேன்.

இரண்டாவது வகை நேரத்துக்குப் பூட்டுப் போடும், கெட்ட தளங்களைத் தடுக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இது போதும். ஆனால் அந்த ஓவியக் குழு கெட்ட தளமில்லை, அவன் பேசியதும் பகல் வேளையில். இந்தப் பூட்டு அவனைத் தடுத்திருக்காது. அதைத் தள்ளி வைத்தோம்.

மூன்றாவது, பேச்சையெல்லாம் பெற்றோருக்குக் காட்டாது. மிரட்டல், படம் கேட்பது, ரகசியமாக வரச் சொல்வது போன்றவை வந்தால் மட்டும் மணி அடிக்கும். எது அம்மாவுக்குப் போயிற்று என்பது பிள்ளையின் திரையிலும் தெரியும். கவனிக்க வேண்டிய சொற்களை நாமே சேர்க்கலாம். எனக்குத் தெரிந்த சொற்களை நான் சேர்த்தேன். அனிட்டா போனை வாங்கி மளமளவென்று இன்னும் நிறையச் சேர்த்தாள். சகாயமேரி எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் கெட்ட வார்த்தையா? எங்க படிச்சா இத?"

"ஸ்கூல்லதான். நீ வாசிக்காத, விடு."

அடுத்து, செயலியில் ஓர் இடம் நிரப்ப வேண்டியிருந்தது. எச்சரிக்கை யாருடைய எண்ணுக்குப் போக வேண்டும்? வழக்கமாக இதைப் பெற்றோரிடம்தான் கேட்போம். நான் அனிட்டாவிடம் கேட்டேன். சகாயமேரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, கவர்களின் விலையைப் பார்ப்பதுபோல நின்றார். மகள் வேறு யார் பெயரையாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. எனக்கும் இருந்தது.

"அம்மாவுக்கு" என்றாள் அனிட்டா.

"அப்பாவுக்கு?"

"அப்பா கரைக்கு வந்ததும் நானே சொல்லுதேன்."

சகாயமேரி திரும்பினார். "சரி, அடிச்சா நான் என்ன செய்யணும்? அதச் சொல்லு."

"திட்டக்கூடாது. போனப் பிடுங்கக்கூடாது. பக்கத்துல வந்து உக்காரணும்."

"உக்காந்து?"

"உக்காந்தா போதும். நான் சொல்லுவேன்."

என் வேலைக்காலத்தில் எத்தனையோ செயலிகளின் செய்முறை விளக்கத்தைப் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக எதிலும் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து எது நல்லது என்று கேட்டாலும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்வதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும். வந்தவர்களில் பலர் பிள்ளையோடு பேசிக்கொண்டே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நீங்களும் மணி யாருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் பிள்ளையிடம் கேட்டுவிடுங்கள். அவசரமாக எதையாவது அழிக்கச் சொல்லி யாராவது வந்தால், முதலில் ஒரு நாற்காலி போடுங்கள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சமயத்தில் சகாயமேரி தன் போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தார். வீட்டுக்காரர் அடுத்த விடுமுறைக்கு வரப்போகிறார் என்று சொன்னார். அனிட்டா ஓவியக் குழுவில் மறுபடி படம் போடத் தொடங்கியிருக்கிறாள், இப்போது முகம் காட்டாமல். நான் கேட்காமலே அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரு நாளு மணி அடிச்சிட்டு அக்கா."

"ஐயோ, என்னாச்சு?"

"மீன் ஆஞ்சிக்கிட்டு இருந்தேன். கையக்கூடக் கழுவல. ஓடிப்போய் அவ கட்டில்ல, பக்கத்துல உக்காந்துட்டேன். ஒண்ணும் கேக்கல, அவ சொன்ன மாதிரியே. அவளே போனத் திருப்பிக் காட்டுனா. கூடப் படிக்கிற புள்ள, இவ நோட்டத் திருப்பிக் குடுக்கலன்னு, 'உன்னக் கொல்லப்போறேன்'னு வெளையாட்டுக்குப் போட்டிருக்கு."

"பெறவு?"

"பெறவு என்ன, ரெண்டு பேரும் சிரிச்சோம். மெத்தை பூரா மீன் வாடை. அதுக்கு அவ என்னத் திட்டுன திட்டு இருக்கே, அக்கா!"